அலை விழுங்கும் பாய்

அத்தியாயம் ஆறு

சுந்தர்சிங் என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் முதலில் தலையைத்தான் பார்ப்பார்கள். தலைப்பாகை இருக்காது. கட்டிக்கொண்டால் உள்ளே நிரப்பத் தலைமயிரும் போதாது. "எங்க கிறிஸ்தவ சபையில இந்தப் பேருல நாலு பேரு இருக்கோம். ஒருத்தனுக்கும் பஞ்சாப் எந்தத் திசையில கிடக்குன்னு தெரியாது" என்று அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். ஆடி மாதத்துச் சனிக்கிழமை காலையில், குளச்சல் கடற்கரையில் காப்பி மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியின் வாசலில் வைத்து, புரபசர் பொன்னுலிங்கத்திடமும் அதைச் சொன்னான். புரபசர் சிரிக்கவில்லை. பாய் காணாமல் போனதிலிருந்து அவர் முகச்சவரமே செய்யவில்லை. சிரிப்பு எங்கிருந்து வரும்?

சுந்தர்சிங்கை உதவிக்கு வைத்திருக்கும் துப்பறியும் கைலாசநாதன் பக்கத்தில் நின்று மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். தேரூர்க்காரர், சுத்த சைவம். போலீசில் இருந்தபோது மேலதிகாரி சொன்ன ஒரு பொய்யைப் பொய் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர். குளச்சல் காற்றில் வந்த மீன் வாடைக்கு மருந்து பொடிதான் என்று முடிவு செய்து, பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தார். சுந்தர்சிங்குக்கு அந்த வாடையில் பசிதான் எடுத்தது.

அவர்களை அங்கே வரவழைத்தது ராகேல். கிட்டங்கிக் காவல்காரன் நேசையனின் மனைவி. முந்தின நாள் நாகர்கோவிலுக்கு வந்து, இவர்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார மறுத்து, நின்றபடியே அழுதாள். புரபசரின் பாய் களவு போயிற்று, பூட்டு உடையவில்லை, சாவி நேசையனிடம் இருந்தது, ஆகவே நேசையன் லாக்கப்பில் இருக்கிறான். கேட்ட கேள்விக்கெல்லாம் "நான் களவாங்கல்ல" என்ற ஒரே பதில்தான். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. இன்று மாலை வண்டி வருகிறது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய், பட்டாள ரகசியத்தைக் கப்பல்காரனுக்கு விற்றதாக வழக்குப் போடப் போகிறார்கள். போனால் எப்போது திரும்புவான் என்று இன்ஸ்பெக்டருக்கே சொல்லத் தெரியவில்லை.

"மாலை வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு அண்ணாச்சி. நேசையனுக்குத்தான் இல்ல" என்று பஸ்ஸிலேயே சுந்தர்சிங் சொல்லியிருந்தான்.

களவு போன பாய் என்றால் படுத்துறங்கும் பாய் இல்லை. புரபசர் அவர்களை உள்ளே கூட்டிப்போய், உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டை நீட்டினார். மற்றதெல்லாம் போனபின் நிலைப்படி ஓரத்தில் கிடந்தது அதுதானாம். சுந்தர்சிங் வாங்கிப் பார்த்தான். பார்த்தான் என்று சொல்வதும் சரியில்லை. சன்னல் வெயிலில் பிடித்தாலும் அதில் ஒரு மினுக்கம் இல்லை, ஒரு சுருக்கம் தெரியவில்லை. கையில் ஓட்டை விழுந்தது மாதிரி இருந்தது. சந்தேகத்துக்கு விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

விளக்குக் கரியைப் பசையில் குழைத்துப் பூசிய காகிதம், அதன்மேல் அருமனைத் தோட்டத்து ரப்பரில் இழுத்த மெல்லிய சீலை, மறுபடி கரிக்காகிதம், மறுபடி ரப்பர். இப்படி அடுக்கடுக்காக ஒட்டியும் மொத்தக் கனம் ஒரு தோசைக்கு மேல் இல்லை. மேலடுக்கில் கரி குறைவு, கீழே போகப் போகக் கூடுதல். மேலே விழுகிற வெளிச்சத்தையும் ரேடியோ அலையையும் ஒவ்வோர் அடுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்த அடுக்குக்கு அனுப்பும். அடிவரை போனபின் திரும்பி வர ஒன்றும் மிஞ்சாது. புரபசர் இதை அரை மணி நேரம் விளக்கினார்.

"சர்க்கார் ஆபீஸ்ல மனு குடுத்த மாதிரி" என்றான் சுந்தர்சிங். "ஒவ்வொரு மேசையும் கொஞ்சம் கொஞ்சம் திங்கும். வெளிய ஒண்ணும் வராது."

அது மிகச் சரியான உதாரணம் என்று புரபசர் முகம் மாறாமல் ஒப்புக்கொண்டார். யுத்தகாலத்தில் கொழும்பில் ரேடார் கருவியோடு வேலை பார்த்தவர் அவர். யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த ஒரு பழைய ரேடாரைச் சர்க்கார் அனுமதியோடு வாங்கி, கிட்டங்கியின் மாடியில் எண்ணெய் எஞ்சின் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அது கடலை நோக்கி அலையை அனுப்பும். அலை எதிலாவது பட்டுத் திரும்பினால் வட்டக் கண்ணாடியில் பச்சைப் புள்ளி விழும். பாயைப் போர்த்திய பொருளுக்குப் புள்ளி விழக்கூடாது. ஒரு படகின் முன்பாகத்தை மூடும் அளவுக்குப் பாய் செய்து முடித்தாயிற்று. திங்கட்கிழமை டில்லியிலிருந்து ஒரு அதிகாரி அதைப் பார்க்க வருகிறார். கடலில் வைத்து ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்குள் போய்விட்டது.

பாயைப் பற்றி யாருக்கெல்லாம் தெரியும் என்று கைலாசநாதன் கேட்டார்.

ஊருக்கே தெரியும் என்றார் புரபசர், கொஞ்சம் பெருமையாகவே. போன ஞாயிறு பூசை முடிந்து, பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொற்பொழிவு செய்தாராம். தமிழ்த் தாலுக்காக்கள் சென்னையோடு சேரவேண்டும் என்று முக்குக்கு முக்குக் கூட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மேடையில் ஓர் ஆங்கில வார்த்தை வாயில் வந்தாலும் கேவலம். அவர் ஒன்றுகூடக் கலக்காமல் பேசினாராம். ரேடியோ என்ற சொல்லைக்கூடத் தொடவில்லையாம். கைதட்டல் ஓய நேரமாயிற்றாம்.

"ரகசியத்தைப் பத்தி ஒலிபெருக்கி வச்சுப் பேசியிருக்காரு" என்றான் சுந்தர்சிங். கைலாசநாதன் கிட்டங்கிக்குள் சுற்றி வந்துகொண்டிருந்தார். மூலையில் செம்புக் கம்பிச் சுருள் ஆளுயரத்துக்குக் கிடந்தது. பக்கத்தில் பாட்டரிகள்.

"லேய் சிங்கு, நீ கள்ளன்னு வச்சுக்க."

"வச்சாச்சு அண்ணாச்சி."

"எதை எடுப்ப?"

"செம்பைத்தான். வடசேரியில எந்தக் கடையிலயும் கேள்வி கேக்காம வாங்குவான். இந்தக் கரிக்காயிதத்தைக் கொண்டுபோனா, நமக்குக் கிறுக்கான்னு கேப்பான்."

"அப்போ எடுத்தவன் விக்கதுக்கு எடுக்கல்ல" என்றார் கைலாசநாதன். பிறகு சுந்தர்சிங்கின் கையிலிருந்த துண்டை வாங்கிச் சன்னலுக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள். அவற்றின் வழியே மட்டும் கடல் தெரிந்தது. அது எலி கடித்தது என்று புரபசர் சொன்னார்.

"எலி சம இடம் விட்டு வரிசையாக் கடிக்காது சார். இது ஊசி. கோணி ஊசியை விடத் தடிச்சது. தையல் தாங்குமான்னு ஓரத்தை வெட்டித் தச்சுப் பாத்திருக்கு." ஓர் ஓட்டையில் சிக்கியிருந்த நாரை நகத்தால் இழுத்தார். தேங்காய் நார். "குளச்சல்ல கயித்தை வச்சு எதைத் தைக்காங்க?"

சுந்தர்சிங்குக்கு விளங்கிவிட்டது. இந்தக் கடற்கரையில் வள்ளத்துக்கு ஆணி கிடையாது. பலகையோடு பலகை வைத்துக் கயிற்றால் தைத்துத்தான் வள்ளம் கட்டுவார்கள். யாரோ பாயை வள்ளத்தில் தைத்திருக்கிறார்கள். ஏன் என்பது வேறு கேள்வி. "வள்ளத்துக்குக் கறுப்புச் சட்டை எதுக்கு? எவனுக்க சாவு அடியந்திரம்?" என்று முணுமுணுத்தபடி வெளியே ஓடினான்.

கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களை ஒன்று விடாமல் பார்த்தான். கறுப்புச் சட்டை போட்ட வள்ளம் ஒன்றும் இல்லை. மற்றவை அதிகாலையிலேயே கடலுக்குப் போயிருந்தன. இப்போதுதான் தூரத்தில் பாய்மரங்கள் ஒவ்வொன்றாகக் கரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. அத்தனை தொலைவில் வள்ளத்தின் முன்தலை கறுப்பா வெளுப்பா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அவை கரைக்கு வந்து சேரும்வரை காத்திருந்தால் எடுத்தவன் இவர்களைக் கண்டு வேறு கரைக்குத் திருப்பிவிடுவான். திரும்பி வந்து கைலாசநாதனிடம் அப்படியே சொன்னான்.

"ரேடார் ஓடுதா சார்?" என்று கைலாசநாதன் கேட்டார்.

ஓடுகிறது, ஆனால் ரேடார் கறுப்பைக் காட்டாதே என்றார் புரபசர். பாயைப் போர்த்திய வள்ளத்தை அது எப்படிக் காட்டும்? காட்டாமல் இருக்கத்தானே பாய்?

"அதான் வேணும்" என்றார் கைலாசநாதன். "எது இருந்தும் அதுல காணல்லியோ, அவன்தான்."

மாடியில் புரபசர் வட்டக் கண்ணாடிமேல் கவிழ்ந்துகொண்டார். சுந்தர்சிங் சன்னலில் நின்று, மேற்கிலிருந்து தொடங்கி, கண்ணில் பட்ட வள்ளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர, புரபசர் கண்ணாடியில் பார்த்துப் பதில் சொன்னார். பாறைக்கு இந்தப் பக்கம் ஒன்று. இருக்கு. அதுக்குப் பின்னால் ஒன்று. இருக்கு. பாய்மரத் துணியில் நீல ஒட்டுப் போட்டது ஒன்று.

புரபசர் கண்ணாடியின்மேல் இன்னும் குனிந்தார்.

மறுபடி சொன்னான். புரபசர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், கம்பியை அசைத்துப் பார்த்தார், எழுந்து வந்து சன்னல் வழியாகப் பார்த்தார், திரும்பப் போய்க் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு காணவில்லை, காணவில்லை என்று சுந்தர்சிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தன் பொருளைக் காணவில்லை என்று ஒரு மனிதர் இத்தனை சந்தோஷப்பட்டு அவன் பார்த்ததே இல்லை.

நீல ஒட்டுப் போட்ட வள்ளம் யாருடையது என்று கேட்கக் கீழே போனபோது, கரையில் நின்ற பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் விலகிப் போகாமல் நின்றாள். இடுப்பில் மீன் வெட்டும் கத்தி. பெயர் வியாகுலம்மை. அது எனக்க மோன் சூசையடிமைக்க வள்ளம் என்று அவளே சொன்னாள். கறுப்புப் பாய் பற்றிக் கேட்டதற்கும் அவள் ஒளிக்கவில்லை.

"வள்ளத்துக்க முன்னால, அணியத்தில தச்சிருக்கு. நான்தான் தச்சேன். களவாங்கல்ல சாரே. நேசையன் அண்ணன்ட்ட இரவல் கேட்டு வாங்குனேன். ஆடி கழிஞ்சா திருப்பித் தருவேன்."

கல்யாண வீட்டுக்கு, சாவு வீட்டுக்கு என்று பாய் இரவல் வாங்குவது இந்தப் பக்கத்து வழக்கம்தான். பட்டாள ரகசியத்தை அப்படி வாங்கியது இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். எதற்கு என்று கைலாசநாதன் கேட்டார்.

அவள் புரபசரைக் கையால் காட்டினாள். "இந்த சாருதான பள்ளிக்கூடத்தில வச்சுச் சொன்னாரு. இந்தப் பாயி அலையை விழுங்கும், எம்பிடு பெரிய அலை வந்து மோதுனாலும் திரும்பிப் போவாதுன்னு."

சுந்தர்சிங்குக்குத் தொண்டைவரை சிரிப்பு வந்துவிட்டது. ரேடியோ என்ற வார்த்தையை மேடையில் புரபசர் விட்டுவிட்டார். மிஞ்சிய வார்த்தையைக் குளச்சல் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் அலை என்றால் ஒரே அலைதான். சிரிப்பை வெளியே விடுவதற்குள் அவள் கடலைக் காட்டினாள். கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் அலை வெள்ளையாக உருண்டு விழுந்துகொண்டிருந்த இடத்தை.

"போன ஆடியில அவனுக்க அப்பன் போனது அந்த எடத்திலதான். ஆழக்கடல்ல ஒண்ணும் செய்யல்ல. கரை ஏற வந்தப்போ அலை வள்ளத்தைக் குப்புற மறிச்சுட்டு. நான் இஞ்ச நின்னு பாத்தேன்."

வந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

புரபசர் விளக்க முயன்றார். அம்மா, நான் சொன்னது இந்த அலை அல்ல; அது கண்ணுக்குத் தெரியாத அலை என்றார். கண்ணுக்குத் தெரியாத அலையில்தான் ஆள் சாவுது என்றாள் அவள். நேசையன் லாக்கப்பில் கிடப்பதை சுந்தர்சிங் சொன்னான். அது தெரியும், நேற்றுப் போய்ப் பார்த்தேன், பாயைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன், ஆடி கழியட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார் என்றாள். சொல்லும்போது கண் கலங்கிற்று. ஆனால் பாயைத் தரமாட்டேன் என்றாள். வேண்டுமானால் என்னையும் அவரோடு சேர்த்துக் கொண்டுபோகட்டும், எனக்குப் போனது ஒரு ஆள் போதும்.

அவளைப் பற்றிப் போலீசில் சொன்னால் நேசையன் இந்த நிமிஷமே வெளியே வருவான். இவள் உள்ளே போவாள். சுந்தர்சிங் கைலாசநாதனின் முகத்தைப் பார்த்தான். அவர் பொடி டப்பியைத் திறந்தார், போடாமலே மூடினார்.

அந்த நேரம் பார்த்து மேற்கே வானம் இருண்டு மழை இறங்கிற்று. பாறை மறைந்தது. பாய்மரங்கள் மறைந்தன. கரையில் நின்ற பெண்கள் ஜெபமாலையை எடுத்தார்கள். வியாகுலம்மை முட்டளவு தண்ணீரில் இறங்கி நின்று கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை.

"அம்மா, மேல வா" என்றார் கைலாசநாதன். "மழைக்குள்ளயும் காட்டுத கருவி ஒண்ணு இருக்கு."

ஈரச் சேலையோடு அவள் மாடி ஏறினாள். வட்டக் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் விழுந்து மங்கி மறுபடி விழுந்தன. மழையில் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் இருப்பது தெரிந்தது. இது பாறை, இது ஒரு வள்ளம், இது இன்னொரு வள்ளம் என்று கைலாசநாதன் நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு புள்ளியாக அவள் விரல் வைத்துப் பார்த்தாள்.

"எனக்க மோன் எது?"

புரபசர் தரையைப் பார்த்தார்.

"அவன் இதுல இல்லம்மா" என்றார் கைலாசநாதன். "மத்தவனுக்க வள்ளம் மறிஞ்சா இதைப் பாத்து ஆளை அனுப்பலாம். உனக்க மகனுக்கு அனுப்ப முடியாது. அவன் எங்க இருக்கான்னு இதுக்குத் தெரியாது. அந்தப் பாய்க்கு வேலை அதுதான்."

அவள் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அது அலையை விழுங்கல்ல" என்றாள். "எனக்க மோனைத்தான் விழுங்கியிருக்கு."

மழை விட்டபோது வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. நீல ஒட்டு வள்ளம் கடைசியில் வந்தது. வெள்ளை உருளும் இடத்தில் அலை அதைத் தூக்கிற்று, திருப்பப் பார்த்தது, பிறகு மணலில் கொண்டுவந்து போட்டது. பாதிக்குத் தண்ணீர். முன்தலை, இருட்டு ஒரு துண்டு கழன்று வந்து ஒட்டிக்கொண்டது போல இருந்தது. சூசையடிமை குதித்து இறங்கி, என்னம்மா என்று கேட்பதற்குள் அவள் இடுப்புக் கத்தியை உருவித் தையலை அறுக்கத் தொடங்கியிருந்தாள். உதவிக்குப் போன சுந்தர்சிங்கைத் தொடவிடவில்லை. தன் கையால் தைத்ததைத் தன் கையாலேயே கடைசி இழைவரை அறுத்துக் கொடுத்தாள்.

ரப்பர் அடுக்கு தண்ணீரை உள்ளே விடவில்லை. பாய் நன்றாகவே இருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கைலாசநாதன் புரபசரிடம் மூன்று கேள்விதான் கேட்டார். பாய்க்குக் கடலில் வைத்துச் சோதனை நடந்ததா இல்லையா? நடந்தது என்றார் புரபசர். ஜெயித்ததா இல்லையா? ஜெயித்தது, டில்லிக்காரர் காலில் விழுவார். "பிறகு சோதனைக்குக் குடுத்துவிட்டது யாரு?" என்றார் கைலாசநாதன். புரபசருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் தலையாட்டினார்.

இன்ஸ்பெக்டரிடம் புரபசர், அது தன்னுடைய ரகசியச் சோதனை, வள்ளத்துக்குக் கொடுக்கச் சொன்னதே தான்தான், நேசையன் சொன்னதைச் செய்தான் என்றார். இத்தனை நாள் அதை ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் குதித்தார். ரகசியம் என்றால் அப்படித்தான் என்று சுந்தர்சிங் எடுத்துக்கொடுத்தான். இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார். வெளியே திருவனந்தபுரம் வண்டி வந்து நின்றிருந்தது.

நேசையன் கதவைத் தாண்டி வந்தான். தாடி வளர்ந்திருந்தது. ராகேல் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். நல்ல வேளை, வீட்டில் கிடக்கும் கோரைப்பாயையாவது யாருக்கும் கொடுக்காமல் இருந்தீரே என்று அழுகையும் ஏச்சுமாக அவள் தொடங்கியதை அவன் காதில் வாங்கவே இல்லை. கறுப்புப் பாய்ச் சுருள் புரபசரின் கையில் இருப்பதைப் பார்த்து அவன் முகம் வெளிறிவிட்டது.

"சாரே, இதை இப்பமே எதுக்கு அவுத்திய?" என்று கேட்டான். "பய கரை ஏறிட்டானா?"

ஏறியாச்சு அண்ணே, அம்மைக்காரிகிட்ட நிக்கான் என்றான் சுந்தர்சிங். அதைக் கேட்ட பிறகுதான் நேசையன் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து, தன்னை நிஜமாகவே விட்டுவிட்டார்களா என்று ராகேலிடம் விசாரித்தான்.